செங்கழுநீர்ப்பட்டின் ஏரிக்கரையில்

“குடும்பத்தோடு ஒரு நாள் எங்கேனும் போய் வர வேண்டும் சாமி, கொடைக்கானல் செலவு நமக்குக் கட்டாது” என்று பங்கு மக்கள் சிலர் கேட்டபோது, நாம் செங்கற்பட்டைச் சொன்னோம். சிரித்துவிட்டார்கள். தாம்பரத்துக்காரர்களுக்கு அது பத்திரப் பதிவுக்கும் வழக்குக்கும் போகும் ஊர். சுற்றிப் பார்க்கும் ஊர் அன்று. ஆயினும் மார்கழி மாதத்து ஞாயிறு ஒன்றில், முதல் திருப்பலி முடிந்த கையோடு, கட்டுச்சோற்று மூட்டைகளும் குழந்தைகளுமாகப் பதினெட்டுப் பேர் மின்சார வண்டியில் ஏறினோம்.

கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார வண்டி ஓடத் தொடங்கியது 1931-ஆம் ஆண்டில். அப்பால் வண்டலூர், கூடுவாஞ்சேரி, சிங்கப்பெருமாள் கோயில் என்று பெயர்களைச் சிறுவர்கள் உரக்கப் படித்துக்கொண்டே வந்தனர். பரனூரைத் தாண்டியதும் சத்தம் அடங்கிற்று. சன்னலுக்கு வெளியே கொளவாய் ஏரி! மழை பெய்து ஓய்ந்த காலமாதலால் நீர் விளிம்பு வரை நின்றது. அதன் பின்னே குன்றுகள். இவ்வளவு அருகில் இத்துணை நீர் இருப்பதை ஆண்டுக்கணக்காக அவ்வழியே பயணம் செய்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்ததில்லை என்று ஒப்புக்கொண்டார்கள்.

செங்கழுநீர்ப் பூக்கள் மலிந்த ஊராதலால் செங்கழுநீர்ப்பட்டு. அதுவே செங்கற்பட்டாயிற்று என்பர். பூவை நாம் காணவில்லை. கண்டது ஆகாயத் தாமரை. கரையோரம் ஊர்க் கழிவும் வந்து சேர்கிறது. படகு உண்டா என்று கேட்ட சிறுவனுக்கு விடை சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

இந்த ஏரியை வைத்தே கோட்டையும் எழுந்தது. 1565-இல் தலைக்கோட்டைப் போரில் விசயநகரம் வீழ்ந்த பின், அவ்வரசர்கள் தெற்கே வந்தபோது கட்டியது. ஒருபுறம் ஏரி நீரும் சேறும் காவலாக நின்றமையால், எதிரி எளிதில் அணுக முடியாத கோட்டையாக விளங்கிற்று. 1751-இல் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். மறு ஆண்டே கிளைவ் பீரங்கிகளால் தாக்கி மீட்டார். 1780-இல் பொள்ளிலூரில் ஐதரின் படை கர்னல் பெய்லியைத் தோற்கடித்தபோது, துணைக்குச் செல்லத் தவறிய மன்றோ, தம் பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டு ஓடி வந்து ஒளிந்தது இங்கேதான். பின்னாளில் இருப்புப்பாதை கோட்டையின் ஊடாகவே போடப்பட்டது. இன்று எஞ்சியிருப்பது இடிந்த மதிற்பகுதிகளே. நம் பிள்ளைகள் சற்று ஏமாந்துதான் போனார்கள்.

வல்லத்துக் குன்றில் அக்குறை தீர்ந்தது. ஊருக்குக் கிழக்கே சிறு தொலைவு. மகேந்திர பல்லவனுக்குக் கீழ்ப்பட்ட கந்தசேனன் என்பவன் குடைவித்த கோயில் அது என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட உளி வேலை. நிழலில் அமர்ந்து புளிச்சோறு உண்டோம்.

அப்போது மரியாயின் சேனையைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் நம்மருகே வந்து, “திருமணி பக்கத்தில்தானே சாமி? ஒரு நடை போய் வரலாமா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

திருமணியில் இருப்பது தொழுநோய் மருத்துவமனை. ஸ்காட்லாந்து மிஷனார் நடத்திய லேடி வில்லிங்டன் இல்லத்தை 1955-இல் மத்திய அரசு ஏற்று, போதனை, ஆய்வு நிலையமாக்கிற்று. டாக்டர் காக்ரேன் சல்போன் மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முன்னோடிகளுள் ஒருவர். அவர் உழைத்த இடம் இது. இன்று கூட்டு மருந்துகளால் ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ இந்நோய் முற்றும் குணமாகிறது, மருந்தும் இலவசம்.

மற்றவர்களைக் குன்றடியில் இருத்திவிட்டு, ஆட்டோவில் நாமும் அந்த அம்மையாரும் போனோம். வாயிலுக்கு எதிரே இறங்கியவர் உள்ளே போக முனையவில்லை. மரத்தடியில் நின்றபடியே சொன்னார்:

“எங்கள் அப்பா இங்கேதான் இருந்தார் சாமி. கொழும்பில் வேலை என்று தெருவில் சொல்லி வைத்திருந்தோம். அம்மா மட்டும் மாதம் ஒருமுறை வண்டியேறி வருவாள். குணமாகிவிட்டது, வீட்டுக்கு வரட்டுமா என்று எழுதினார். பெண்கள் இரண்டு பேர் கரையேற வேண்டும், பொறுங்கள் என்று அம்மா பதில் போட்டாள். பொறுத்துக்கொண்டே இருந்து இங்கேயே இறந்தார். என் கல்யாணத்துக்கும் அவருக்குச் சொல்லவில்லை.”

ஐம்பது ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாத செய்தியாம். தாம் பெற்ற பிள்ளைகளுக்கும் தெரியாதாம். ஆறுதல் கூறுவது நம் தொழில். ஆயினும் அவ்வேளையில் வாய் எழவில்லை. இருவரும் அங்கு நின்றே ஒரு பரலோக மந்திரம் சொன்னோம்.

மாலை வண்டியில் கூட்டம் மிகுதி. ஏரி மீண்டும் வந்தபோது வெயில் சாய்ந்து, நீர் செம்பு நிறமாகியிருந்தது. அம்மையாரின் பேத்தி சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “பாட்டி, அந்த ஆட்டோவில் எங்கே போனீர்கள்?” என்று கேட்டாள்.

“உட்கார், சொல்கிறேன்” என்றார் அவர், குழந்தையை மடியில் இழுத்து அமர்த்தியபடி.