மத்தாப்பு வெளிச்சம்

எங்கள் அப்பத்தாவின் கல்யாணப் படம் கறுப்பு வெள்ளையில் எடுத்துச் சாயம் பூசியது. கன்னத்து ரோஜா நிறம் ஸ்டுடியோக்காரர் கைவேலை என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகமில்லை. முகத்திலிருந்து வீசும் ஒளிக்குத்தான் கதை சொல்வார்கள்: "செவப்பு மத்தாப்பக் கொளுத்தி எடுத்தது." சிவகாசிக்காரர்கள் வேறு எப்படிச் சொல்வார்கள்! ஆனால் அதே வெளிச்சத்தில் பக்கத்திலேயே நிற்கும் தாத்தா முகம் மட்டும் ஏன் மங்கிக் கிடக்கிறது? இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

கல்யாண வீடுகளில் படம் எடுப்பது என் தொழில். அந்த ஒளியை ஒரு மணப்பெண் முகத்தில் கொண்டுவர விளக்குக்கு முன்னால் ஆரஞ்சு ஜெல் கட்டினேன். லைட்ரூமில் டெம்பரேச்சரை ஏற்றினேன். முகத்தோடு கண்வெள்ளையும் பல்லும் சேர்ந்து சிவந்தன. அப்பத்தா கண்வெள்ளையோ பால்போல இருக்கிறது.

ஸ்டுடியோவில் டச்சப் வேலை பார்த்து, பிறகு லித்தோ அச்சகத்தில் ஓய்வு பெற்ற ஓர் அண்ணாச்சியைப் பிடித்தேன். மத்தாப்பு என்றாலே பேச்சை மாற்றிவிடுவார். எப்போது போனாலும் காபி, ஊர்க்கதை, மழை. விடாமல் கேட்கவும் ஒருநாள் திருப்பிக் கேட்டார்.

"தம்பி, டார்க் ரூம்ல என்ன லைட்டு போடுவாக?"

"சிவப்பு, அண்ணாச்சி."

"ஏன்?"

அவ்வளவுதான், மத்தாப்புக் கதை முடிந்தது. அன்றைய ஸ்டுடியோக்களில் புழங்கிய ஆர்த்தோ ஃபிலிமுக்கு நீலமும் பச்சையும் தெரியும், சிவப்பு தெரியாது. ஸ்ட்ரான்சியம் எரிந்து தரும் சிவப்பு அதற்கு இருட்டுதான். நம் மாநிறத் தோலும் உதடும் அதில் உள்ளதைவிடக் கறுத்து விழும். அதைச் சரிக்கட்டத்தான் பென்சில். நெகட்டிவில் கன்னம், நெற்றி, மூக்குத்தண்டு வரும் இடங்களில் கூர்சீவிய பென்சிலால் மெல்ல இழைப்பார்கள். அங்கே கறுப்பு ஏற ஏற, அச்சிடும்போது அந்த இடம் வெளுக்கும். அப்பத்தாவுக்கு இழைத்திருக்கிறார்கள், தாத்தாவுக்கு இழைக்கவில்லை.

இந்த இடத்தில் என் தேடல் காலண்டர்ப் பக்கம் திரும்பியது. காலண்டர் ஓவியர் கொண்டைய ராஜு (1898–1976) கோவில்பட்டியில் சீடர்களோடு ஃபோட்டோ ஸ்டுடியோவும் நடத்தியவர். அவர்கள் வரைந்த முருகனும் லட்சுமியும் சிவகாசியில் அச்சாகி வீடுவீடாகப் போனார்கள். அந்த முகங்களைப் பாருங்கள்: வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்லவே முடியாது. அது நெகட்டிவ் இழைத்துப் பழகிய கை என்றே நான் நினைக்கிறேன்.

இப்போது ஜெல்லைத் தொடுவதில்லை. பரந்த வெள்ளை வெளிச்சத்தில் எடுக்கிறேன். படத்தை முதலில் கறுப்பு வெள்ளையாக்கி, முகத்தின் மேடுகளை டாட்ஜ் செய்து வெளுக்கிறேன். அதற்குமேல் தனி லேயரில், கலர் மோடில், மஞ்சளும் ரோஜாவும் மெல்லிசாக. கண்ணையும் பல்லையும் தொடுவதில்லை. தாடையோர நிழலையும் சாம்பலாகவே விட்டுவிடுகிறேன். அண்ணாச்சியிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"மஞ்சளை மொதல்ல போடு. அது ஒக்காந்த பெறகு ரோஸு."