சுங்குடிச் சதுரங்கள்

பாட்டி மறைந்து ஓராண்டு கழிந்தபின், அவருடைய நீலச் சுங்குடிப் புடவையை அம்மா பெட்டியிலிருந்து எடுத்தார். துணியில் சிறு சிறு முடிச்சுகள் இட்டுச் சாயத்தில் தோய்த்து, வெண்புள்ளிகள் தோன்றச் செய்யும் மதுரைப் புடவை அது. முந்தானை இற்றுப் போயிருந்தது. உடுத்தவும் இயலவில்லை, எறியவும் மனம் வரவில்லை.

அப்போது நாங்கள் புணேயில் குடியிருந்தோம். அடுத்த வீட்டு மராட்டிய மூதாட்டியை 'ஆஜி' என்று அழைப்போம். அம்மொழியில் பாட்டி என்பது அதன் பொருள். "கோதடி தைத்துவிடலாமே!" என்றார் அவர். பழந்துணிகளை அடுக்கி, நெருக்கமாகத் தையலோட்டிச் செய்யும் போர்வையே கோதடி.

மேற்பரப்புக்கு 96 சதுரங்கள் தேவைப்பட்டன. சுங்குடியில் 48, ஆஜியின் பழைய பருத்திப் புடவையில் 48. தைத்தபின் ஒரு சதுரம் 4 அங்குலம் இருக்க வேண்டுமெனில், 4½ அங்குலமாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் கால் அங்குலம் தையலுக்குள் மறைந்துவிடும்.

வெட்டும் பணியை நானே கேட்டுப் பெற்றேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, பொறுமை குறைவு. விரைவில் முடிக்க எண்ணித் துணியை நான்காக மடித்தேன். பள்ளிக்காகத் தாள் வெட்டிய கத்தரிக்கோலையே எடுத்துக்கொண்டேன். மழுங்கிய அலகு துணியைக் கடித்து இழுத்தது, அடிமடிப்புகள் நழுவின. அட்டையை வைத்துப் பார்த்தபோது, பல சதுரங்கள் கால் அங்குலத்துக்கு மேல் குறைந்திருந்தன. அம்மா ஒன்றும் கூறாமல் உள்ளே சென்றுவிட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். பாட்டியின் புடவை இனிக் கிடைக்குமா?

ஆஜி சதுரங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். "எல்லாவற்றையும் 4 அங்குலமாக்கிவிடுவோம், பாளா. என் துணியை எப்படி வெட்டுகிறேன் என்று பார்" என்றார்.

அவர் தம் புடவையை முன்னரே துவைத்து உலர்த்தியிருந்தார். பின்னர்த் துவைக்கும்போது சுருங்கினால் தையல் கோணிவிடும் அல்லவா? சுருக்கமின்றித் தேய்த்தார். நெருக்கமாக நெய்த கரையை நீக்கினார். ஓரத்தில் ஒரு நூலைப் பற்றி மெல்ல உருவினார். துணியில் நேரான கோடு ஒன்று தோன்றியது. அக்கோட்டைப் பிடித்தே வெட்டத் தொடங்கினார். அளவுக்கு ஒரே ஓர் அட்டை. வெட்டிய சதுரத்தை வைத்து அடுத்ததை அளக்க அவர் விடவில்லை. சிறு பிழையும் சதுரத்துக்குச் சதுரம் வளர்ந்துவிடுமாம். இரண்டு மடிப்புக்கு மேல் அடுக்கவில்லை. அவற்றையும் குண்டூசியால் இணைத்தார். கத்தரிக்கோலின் கீழலகு மேசையை விட்டு எழவேயில்லை. துணியைக் கையில் தூக்கினால் அது கோணும் என்றார். அவருடைய கத்தரிக்கோலில் ஒரு சிவப்பு நாடா கட்டியிருந்தது. அதைத் தாளுக்குப் பயன்படுத்த வீட்டில் எவருக்கும் அனுமதியில்லை!

இப்போது நான் உருள்கத்தி வைத்திருக்கிறேன். 1979ஆம் ஆண்டில் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் அறிமுகப்படுத்திய கருவி அது. வட்டமான அலகைத் தடித்த அளவுகோலின் ஓரமாக உருட்டினால் துணி நழுவாது. அடியில் அதற்கென உள்ள விரிப்பு வேண்டும். உடலுக்கு எதிர்ப்புறமாகவே தள்ள வேண்டும். கீழே வைக்குமுன் அலகை மூடிவிட வேண்டும். எனினும், முதலில் நூலை உருவி நேர்க்கோடு காணும் வழக்கத்தை நான் விடவில்லை.

கோதடி 32க்கு 48 அங்குலமாக வந்திருக்க வேண்டும். 28க்கு 42 ஆயிற்று. எனக்குக் கால்கள் வெளியே நீண்டன. தம்பிக்குச் சரியாக இருந்தது. வெட்டி எறிய இருந்த நீல ஓரங்களை அம்மா திரட்டி, சிறு தலையணை ஒன்றினுள் அடைத்து வைத்துக்கொண்டார்.