மரம் மட்டும்

மலைமுகட்டில் தனித்து நிற்கும் மரமொன்றைப் படம் பிடிக்க நாம் முதன்முதலாக முயன்றது 1991ஆம் ஆண்டில். ஆலிம் வகுப்பின் இறுதியாண்டு அது. ஹஜ்ரத் அவர்களின் உறவினர் இல்லத் திருமணத்தை முன்னிட்டு, அவர்களுடன் உதகைக்குச் சென்றிருந்தோம். கையில் இரவல் கேமரா. அதனுள் 36 படங்களுக்கான பிலிம் சுருள்.

உயிருள்ளவற்றைப் படம் பிடித்தல் கூடுமா என்பதில் உலமாப் பெருமக்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஹஜ்ரத் அவர்கள் பேணுதலின் பக்கம் நின்றவர்கள். மரத்தைப் பொறுத்தவரை நமக்குத் தயக்கமில்லை. உருவம் வரைந்தே பிழைப்பு நடத்திய ஒருவரிடம், மரத்தையும் உயிரற்றவற்றையும் வரைந்துகொள்ளுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறியதை ஸஹீஹுல் புகாரியில் ஓதியிருந்தோம். மரத்திற்கும் உயிருண்டே எனத் தாவர நூலார் கேட்கக்கூடும். ரூஹ் என்பது வேறு. அந்த விவாதம் இங்கு வேண்டாம்.

நாம் கண்ட மரம் காட்டுப் பூவரசு. உறைபனியும் தீயும் படும் புல்வெளியில் சோலை மரங்களின் கன்றுகள் பிழைப்பதரிது. இதுவோ இரண்டையும் தாங்கி, கூட்டமின்றித் தனியே நிலைத்துவிடுகிறது. ஆயினும் கேமரா வழியே நோக்கியபோது அத்தனிமை தெரியவில்லை. பின்புறக் குன்றின் கருமையில் கிளைகள் கரைந்து போயின. தரையோடு தாழ்ந்து அமர்ந்தோம். கிளைகள் சற்றே வானில் எழுந்தன. எஞ்சியதை மூடுபனி செய்தது; அது குன்றை மறைத்த கணத்தில் மரம் தனித்து நின்றது.

ஆனால் மரத்தடியில் ஹஜ்ரத் நின்றிருந்தார்கள்.

“ஹஜ்ரத், சற்று விலகிக்கொள்ளுங்கள். மரம் மட்டும் வேண்டும்” என்றோம்.

“மரம் மட்டும்தானே? எடுத்துக்கொள், தம்பி” என்று குடையை ஊன்றியபடி அகன்றார்கள்.

மறு ஆண்டே அவர்கள் வஃபாத்தானார்கள். அவர்களின் படம் எவரிடமும் இல்லை.

கலிபோர்னியாவின் யோசெமிட்டி மலைப்பகுதியில், சென்டினல் டோம் என்னும் பாறையுச்சியில் தனித்து நின்ற ஜெஃப்ரி பைன் மரத்தை ஆன்சல் ஆடம்ஸ் 1940இல் எடுத்த படம் பெயர் பெற்றது. 1970களின் வறட்சியில் அம்மரம் பட்டுப்போயிற்று; 2003இல் சாய்ந்தும் விட்டது. படம் மட்டும் எஞ்சியிருக்கிறது. இதனைப் படித்த அன்று நம் பழைய படத்தைத் தேடி எடுத்தோம். எடுத்தவரையில் குறையில்லாத படந்தான்.

சென்ற ஆண்டு ஹஜ்ரத் அவர்களின் பேரர் நம்மைத் தேடி வந்தார். பாட்டனாரைக் கண்டறியாதவர், அவர்கள் எவ்வாறிருப்பார்கள் என்று கேட்டார். அந்தப் படத்தை அவர் முன் வைத்து, மரத்தடியில் விரலை ஊன்றி, இங்கேதான் நின்றிருந்தார்கள் என்றோம்.