சைலன்ட் வேலியும் 120 மெகாவாட்டும்

என்விரான்மென்டல் சயின்ஸ் பேப்பர்ல சிப்கோ, சைலன்ட் வேலி எல்லாம் நமக்கு ரெண்டு மார்க் கேள்வி. வருஷம், இடம், மரம், குரங்கு என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். ஃபைனல் இயர் புராஜெக்டுக்காக நீர்மின் திட்டங்களைப் பற்றிப் படிக்கும்போதுதான் சைலன்ட் வேலி கதையை முழுசா வாசிச்சேன். அதில் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது மின்சாரக் கணக்கு.

நம்ம நீலகிரியை ஒட்டி, பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிற மழைக்காடு அது. குந்திப்புழா என்ற ஆறு அதற்குள் ஓடுகிறது. அங்கே அணை கட்டி 120 மெகாவாட் எடுக்கும் திட்டத்துக்கு 1973-ல் திட்டக் கமிஷன் ஒப்புதல் கொடுத்தது. கட்டினால் சுமார் 8 சதுர கிலோமீட்டர் மூழ்கும். சிங்கவால் குரங்குகள் வாழ்கிற காடு. ஆனால் மலபார் பகுதிக்கு அப்போ கரண்ட் நிஜமாவே தேவை. "குரங்கு முக்கியமா, மனுஷன் முக்கியமா?" என்று கேட்டவர்களை வில்லனாக்கிவிட முடியாது.

எதிர்த்தவர்களில் முக்கியமானது கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்கிற மக்கள் அறிவியல் இயக்கம். தாவரவியல் பேராசிரியர் எம்.கே. பிரசாத், அணுசக்திப் பொறியாளர் எம்.பி. பரமேஸ்வரன் மாதிரி ஆட்கள் அதில் இருந்தார்கள். 'காட்டை விட்டுடுங்க'ன்னு சொல்லிட்டு அவங்க நிறுத்தலை. இந்த அணை இல்லாமல் மின்சாரத்துக்கு வேறு என்ன வழி என்று ஆராய்ந்து அறிக்கை போட்டார்கள். சுகதகுமாரி போன்ற கவிஞர்களும் சேர்ந்துகொண்டார்கள். எம்.ஜி.கே. மேனன் தலைமையில் ஒரு குழு ஆராய்ந்தது. கடைசியில் திட்டம் கைவிடப்பட்டு, 1984-ல் அது தேசியப் பூங்காவானது.

இது பிளேஸ்மென்ட் சீசன். "போராட்டம் கீராட்டம்னு எங்கேயும் போய் நிக்காதே, வேலை போயிடும்" என்கிறார் அப்பா. கடன் வாங்கிப் படிக்க வைத்தவரின் பயம் அது, தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா நாளைக்கு நம்ம டேபிளுக்கு வரப்போறதே இந்த மாதிரி ஃபைல்தானே! சிமென்ட், கம்பி, கூலி எல்லாத்துக்கும் எக்செல் ஷீட்ல இடம் இருக்கும். மூழ்குற காட்டுக்கு? "இது இல்லாம முடியாதா?" என்று கேட்கிற ஒரு இன்ஜினியர் ஆரம்பத்திலேயே ஆபீசுக்குள் இருந்தால், வெளியே பத்து வருஷம் யாரும் போராட வேண்டி இருக்காது.