அந்தமான் சாலையில் ஒரு தாழ்ந்த கார்

சென்னைத் துறைமுகத்திலிருந்து போர்ட் பிளேருக்கு ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல். பயணிகள் கப்பலுக்கே அது மூன்று நாள் பாடு. (2024 செப்டம்பரில் ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். பலரும் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். நானும் அதையே எழுதுகிறேன்.) தரைக்கு ஒரு சாண்கூட இடைவெளி இல்லாத ஸ்போர்ட்ஸ் காரை அங்கே கொண்டுபோக நினைப்பவர் அதைச் சரக்காகக் கப்பலேற்றி, இறக்கி, அதற்குப் பிறகுதான் சாவியைத் திருப்ப முடியும். அப்படிச் செய்யுங்கள் என்று யாரையும் தூண்ட நான் இதை எழுதவில்லை. ஆனால் போர்ட் பிளேரிலிருந்து வடக்கே திக்லிப்பூர் வரை போகும் அந்தமான் டிரங்க் ரோட்டில், இன்றைய கணக்கில் தேசிய நெடுஞ்சாலை 4இல், அப்படியொரு காரைக் கற்பனையிலாவது ஓட்டிப் பார்ப்பது வீண் வேலை அல்ல. உயரமான ஜீப்பும் பஸ்ஸும் வாய் திறக்காத ஓர் உண்மையைத் தாழ்ந்த கார் முதலில் சொல்லிவிடும்: வேகத்தடை என்று நாம் கட்டிவைத்திருக்கும் பல மேடுகள் வேகத்தைத் தடுப்பதே இல்லை. அவை வண்டியின் வயிற்றைத்தான் தண்டிக்கின்றன.

இதைக் கணக்கோடு பார்ப்பதே நல்லது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வேகத்தடைக்கென்று 1988லேயே ஒரு வழிகாட்டி நெறியை, ஐ.ஆர்.சி. 99 என்ற எண்ணில், வெளியிட்டது. 2018இல் அதை விரித்துத் திருத்தியது. அதில் உள்ள வட்ட முதுகு வேகத்தடையின் அளவுகள் எளியவை. வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் நீளம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் உறுத்தலில்லாமல் கடக்கலாம். அதற்கு மேல் போனால் உடம்புக்குத் தெரியும். இப்போது போர்ஷே 911ஐ எடுத்துக்கொள்வோம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2.45 மீட்டர். தரையிலிருந்து அடிப்பாகத்துக்கு சுமார் 11 சென்டிமீட்டர். மேடு 10 சென்டிமீட்டர் உயரம் என்றால் உரசாமல் போவது அரிது என்றுதான் முதலில் தோன்றும். அப்படி இல்லை. மேடு காரின் இரு அச்சுகளுக்கு இடையிலுள்ள தூரத்தைவிட நீளமானது. முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே நேரத்தில் அதன்மேல் ஏறி நிற்கும். காரே மேட்டோடு சேர்ந்து உயர்ந்துவிடும். அந்த நிலையில் நடு வயிற்றுக்குக் கீழே வளைவு புடைத்து நிற்பது நாலரை சென்டிமீட்டருக்கும் குறைவு. மூக்கைப் பற்றியும் கவலை வேண்டாம். முன் சக்கரம் மேட்டின் விளிம்பைத் தொடும்போது அதற்கு ஒரு மீட்டர் முன்னால் மேட்டின் உயரம் 8 சென்டிமீட்டரைத் தொட்டிருக்காது. மெதுவாக ஏறினால் 911 எந்தச் சத்தமும் இல்லாமல் கடந்துபோகும்.

அதே காரை ஒன்றரை அடி அகலம், அரையடி உயரத்தில் குறுக்கே போட்ட ஒரு சிமென்ட் வரப்பின் மேல் ஏற்றிப் பாருங்கள். முன் சக்கரம் ஏறி இறங்கிவிடும். பின் சக்கரம் இன்னும் வந்து சேரவில்லை. இரண்டுக்கும் நடுவே முழு மேடும் வயிற்றுக்கு நேராக நிற்கிறது. இங்கே சக்கரம் காரைத் தூக்கிக் காப்பாற்ற வழியே இல்லை. அடிப்பாகம் மேட்டைவிட உயரமாக இருந்தால்தான் பிழைப்பு. நம் ஊர் ஸ்விஃப்ட் காரின் அடி உயரம் 16 சென்டிமீட்டர் சொச்சம். அரையடி என்பது 15. ஐந்து பேர் ஏறி, டிக்கியில் பெட்டிகளும் அடுக்கினால் ஸ்பிரிங் தாழ்ந்து அந்த ஒரு சென்டிமீட்டர் எங்கே போனது என்று தெரியாது. டிரைவர்கள் ‘அடி தட்டுது’ என்று சொல்வது இதைத்தான். எந்த ஊரிலும் இப்படிப்பட்ட மேட்டின் முதுகைக் குனிந்து பார்த்தால் அதன் வரலாறு தெரியும்: வண்டி போகும் திசையிலேயே வெள்ளையாக நீண்ட கீறல்கள், சில இடங்களில் எண்ணெய் சொட்டிக் கறுத்த திட்டுகள். அந்தக் கீறல்களைப் போட்டவை ஸ்போர்ட்ஸ் கார்கள் அல்ல. வாடகை டாக்ஸிகளும், குடும்பத்தோடு போன சிறிய கார்களும்தான்.

மேடு குறுகலாக இருப்பதில் இன்னொரு கோளாறும் உண்டு. எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. பிரிட்டனின் போக்குவரத்து, சாலை ஆய்வுக்கூடத்தில் வாட்ஸ் என்பவர் பல வடிவ மேடுகளை வண்டி ஓட்டிச் சோதித்து 1973இல் ஓர் அறிக்கை எழுதினார். இன்று உலகம் முழுக்கப் போடப்படும் 3.7 மீட்டர் மேடு அவர் பெயரால்தான் வழங்குகிறது, நம் ஐ.ஆர்.சி. அளவும் அதேதான். நீளமான மேட்டில் வேகம் கூடக் கூட உள்ளே இருப்பவருக்கு அசௌகரியமும் கூடுகிறது. குறுகிய மேட்டில் அப்படி நடப்பதில்லை. ஒரு வேகத்தைத் தாண்டிவிட்டால் டயரும் சஸ்பென்ஷனுமே அடியை விழுங்கிவிடும். உடம்பு மேலெழும்ப நேரம் கிடைப்பதற்குள் வண்டி தாண்டிப் போயிருக்கும். பெரிய சக்கரம் போட்ட எஸ்.யு.வி. ஓட்டுபவருக்கு இது அனுபவத்திலேயே தெரியும். அதனால்தான் அவர் பிரேக்கைத் தொடுவதே இல்லை. ஆக, அந்த வரப்பு யாரை அடக்க வேண்டுமோ அவரை விட்டுவிடுகிறது. ஏற்கெனவே மெதுவாக வருபவரைப் பிடித்து உலுக்குகிறது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஆர்தர் காம்ப்டன் 1953இல், தாம் தலைமை வகித்த, செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக வளாகத்தில் வண்டிகள் பறப்பதைப் பார்த்துப் பொறுக்காமல், மேட்டின் வடிவத்தைத் தாமே வகுத்தார் என்பது பலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். அவர் அதை ஓர் இயற்பியல் கணக்காகவே எடுத்துக்கொண்டார். நாம் அதைக் கொத்தனாரின் கைப்பழக்கத்துக்கு விட்டுவிட்டோம்.

இனி சாலைக்கு வருவோம். போர்ட் பிளேர் மேடும் பள்ளமுமான ஊர். அபெர்டீன் பஜாரின் மணிக்கூண்டிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றமோ இறக்கமோ வந்துவிடும். ஏற்றம் முடிந்து சாலை கவிழும் இடத்தில் தரையே வயிற்றை நோக்கிப் புடைத்திருக்கும். அங்கே ஒரு மேட்டையும் போட்டால் இரண்டும் கூடிவிடும். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவுக்குக் கொட்டும் மழை வேறு. வேகத்தடைக்குக் கறுப்பு வெள்ளைப் பட்டை அடிக்க வேண்டும், 40 மீட்டருக்கு முன்னாலேயே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும், ஓரத்தில் தண்ணீர் ஓட வழிவிட வேண்டும் என்றெல்லாம் நெறிகள் சொல்கின்றன. இந்த மழையில் பட்டை எத்தனை நாள் நிற்கும் என்பதை யோசித்தால் பலகையின் அருமை புரியும். தென்னந்தோப்பு நிழலில், ஈரத் தாரில், பட்டை அழிந்த மேடு கண்ணுக்குத் தெரியாது. ஸ்கூட்டரில் வருபவருக்கு அது உரசல் அல்ல, விழுதல். 2015ஆம் ஆண்டுக்கான மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, பள்ளம், வேகத்தடை, வேலை நடக்கும் சாலை ஆகியவற்றால் நாடு முழுவதும் இறந்தவர்கள் 10,727 பேர். பாதுகாப்புக்காகப் போட்ட ஒன்று பள்ளத்தோடு ஒரே பட்டியலில் இடம்பெறுவதைவிட அதற்கு வேறு அவமானம் வேண்டியதில்லை.

வடக்கே போகப் போக, ஜிர்காடாங் சோதனைச்சாவடியில் எல்லா வண்டிகளும் நின்றுவிடும். அதற்கு அப்பால் மிடில் ஸ்ட்ரெய்ட் வரை ஜாரவா பழங்குடியினரின் காப்பகம். குறித்த நேரங்களில், காலை 6 மணி தொடங்கி, போலீஸ் காவலோடு கான்வாயாகத்தான் வண்டிகள் போகும். மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது, முந்தக் கூடாது, நிறுத்தக் கூடாது, படமெடுக்கக் கூடாது. இந்தச் சாலை அங்கே இருப்பதே தீராத வழக்கு. 2002இல் உச்ச நீதிமன்றம் ஜாரவா பகுதியில் அதை மூடச் சொன்னது, அது மூடப்படவில்லை. 2012இல் ஜாரவா பெண்களை உணவு காட்டி ஆடவைத்த வீடியோ வெளியாகி உலகமே காறித் துப்பியது. மறு ஆண்டு சில வாரங்களுக்குச் சுற்றுலாப் பயணிகளுக்குத் தடை வந்து, பிறகு நீங்கியது. அந்த வழக்கில் என் சார்பு மூடச் சொன்னவர்கள் பக்கம்தான். அது வேறு கட்டுரை. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: நாட்டிலேயே வேகத்தை மிகக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்த வேண்டிய இந்தச் சாலையில் அந்த வேலையைச் செய்வது முன்னே போகும் காவல் வண்டி, பிந்தினால் விட்டுப்போகும் நேரக் கணக்கு, தண்டனைச் சட்டம். வயிற்றில் இடிக்கும் மேடு இங்கே உதவாது என்பது மட்டுமல்ல, விபரீதமாகவும் முடியும். ஒரு வண்டி மேட்டில் மாட்டி எண்ணெய்த் தொட்டி உடைந்து நின்றால், நிற்கவே கூடாத இடத்தில் அந்தக் கான்வாய் முழுவதும் நிற்கும். மெதுவாகப் போக வைப்பது வேறு, நிற்க வைப்பது வேறு. குறுகிய மேட்டுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

மிடில் ஸ்ட்ரெய்ட்டில் சாலை முடிந்து நீர் வந்துவிடும். வண்டிகளைப் படகில் ஏற்றித்தான் பாராடாங் தீவுக்குக் கடத்த வேண்டும். தாழ்ந்த காருக்கு உண்மையான பரீட்சை படகேறும் இந்த இடத்தில்தான். கரைச் சரிவும் படகின் சாய்தளமும் சேரும் இடத்தில் ஒரு முறிவு உண்டு; அது குழிந்திருந்தால் மூக்கு இடிக்கும், புடைத்திருந்தால் வயிறு இடிக்கும். கடல் ஏறி இறங்க இறங்க அந்தக் கோணமும் மாறும். பெரிய ஓதங்களில் இந்தத் தீவுகளில் நீர்மட்டம் இரண்டு மீட்டர் அளவுக்கு வேறுபடுகிறது. நிலமும் அசையாமல் இருப்பதில்லை: 2004 டிசம்பர் நிலநடுக்கத்தில் போர்ட் பிளேர் பக்கம் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது, வட அந்தமானின் மேற்குக் கரை உயர்ந்தது. படகேறும் அந்தச் சரிவு காருக்காக அல்ல, கடலுக்காக அமைந்தது. அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இயற்கை தரும் இடைஞ்சலை ஏற்கலாம். கரண்டியால் நாமே பூசிய இடைஞ்சலுக்குத்தான் கணக்குக் கேட்க வேண்டும்.

இதற்கெல்லாம் வலுவான மறுப்புகள் உண்டு. கோடிக்கணக்கில் பணம் கொடுத்துக் கார் வாங்கியவருக்காக ஊர்ச்சாலையை வளைக்க வேண்டுமா என்பது முதல் கேள்வி. வேண்டாம். அவருக்கு வேறு வழியும் இருக்கிறது: 911 போன்ற கார்களில் ஒரு பொத்தானை அழுத்தினால் மூக்கு சுமார் 4 சென்டிமீட்டர் உயரும். அந்தப் பொத்தான் டாக்ஸிக்குக் கிடையாது. ரங்கத்திலிருந்தும் பாராடாங்கிலிருந்தும் போர்ட் பிளேரின் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்கு நோயாளியைக் கொண்டுவரும் ஆம்புலன்ஸிலும் கிடையாது. எலும்பு முறிந்து படுத்திருப்பவருக்கு ஒவ்வொரு வரப்பும் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. பணக்காரக் காரின் புகார் எரிச்சலூட்டும்தான். ஆனால் அது சுட்டும் குறை ஏழையின் வண்டிக்கும் பொது. சாய்த்து ஏற்றினால் அடி தட்டாதே என்பார்கள் ஓட்டுநர்கள். உண்மைதான், சக்கரம் ஒவ்வொன்றாக ஏறினால் வயிறு தப்பும். இந்தச் சாலையின் அகலத்துக்கு, அப்படிச் சாய்ப்பவர் எதிரே வரும் பஸ்ஸின் பாதைக்குள் போயாக வேண்டும்.

இன்னொரு மறுப்புக்கு எளிதில் பதில் சொல்ல முடியாது. பள்ளிக்கூட வாசலில் ஒரு குழந்தை அடிபட்டால் மறுநாளே ஊர் கூடி மேடு போடச் சொல்லும். அந்தக் கோபத்திடம் போய் ஆரம், வளைவு என்று பேச முடியாது. செலவும் இருக்கிறது. ஐந்தரை மீட்டர் அகலச் சாலையில் நெறிப்படியான மேட்டுக்கு ஏறத்தாழ 1.4 கனமீட்டர் பொருள் பிடிக்கும். நாற்பது சென்டிமீட்டர் அகல வரப்புக்கு அதில் ஏழில் ஒரு பங்கு போதும். தார் கப்பலில் வந்து இறங்க வேண்டிய தீவில் இது சின்ன வித்தியாசம் அல்ல. ஆனால் ஏழு வரப்புகளுக்கு ஆகும் பொருளில், தேவையான ஓர் இடத்தில், பலகையோடும் பட்டையோடும் ஒரு சரியான மேடு போடலாம் என்பதும் அதே கணக்குதான். நெடுஞ்சாலையின் நடுவே மேடே கூடாது. கிளைச்சாலை வந்து சேரும் முனையில், அந்தக் கிளையில்தான் அதற்கு இடம். பள்ளி வாசல் நெடுஞ்சாலையிலேயே இருந்தால் தாழ்ந்த அதிர்வுப் பட்டைகளும் பலகையும் இருக்கின்றன. கோபத்தில் போட்ட வரப்பு எஸ்.யு.வி.யை நிறுத்தாது என்பதை அந்த ஊருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் பொறியாளர்கள். அவர்கள் சொல்லாமல் இருப்பதுதான் எனக்கு வருத்தம்.

ஆகவே அந்தமானுக்குப் போகிறவர்கள் ஸ்போர்ட்ஸ் காரை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். பாராடாங்கின் சுண்ணாம்புக் குகைகளைப் பார்ப்பதுதான் நோக்கமென்றால் காப்பகத்தின் வழியே போகாமல் போர்ட் பிளேரிலிருந்து கடல்வழியாகப் போகும் படகு இருக்கிறதா என்று கேளுங்கள். எந்த ஊரானாலும், உங்கள் தெருமுனையில் உள்ள வேகத்தடையை ஒருநாள் டேப்பை வைத்து அளந்து பாருங்கள். போகும் திசையில் 3.7 மீட்டர், நடுவில் 10 சென்டிமீட்டர். அதற்கு மாறாக இருந்தால், அந்த இரண்டு எண்களையும் ஐ.ஆர்.சி. 99 என்ற பெயரையும் குறிப்பிட்டு உங்கள் ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ பொதுப்பணித் துறைக்கோ ஒரு மனு எழுதிக் கொடுங்கள்.