மம்மின்னா மருந்தா... மகாராஜாவா?

வீட்டுல 'மம்மி'ன்னு கத்தினா அம்மா திரும்பிப் பார்ப்பாங்க. தியேட்டர்ல அதே வார்த்தைக்கு துணி சுத்தின பிணம் ஒண்ணு எழுந்து வரும். 1932லேருந்து ஹாலிவுட் பண்ற வேலை! அந்த மம்மிக்கும் இந்த மம்மிக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. அது குழந்தை மழலையில் பிறந்தது. இதுவோ பாரசீகத்தில் கிளம்பி, அரபியில் ஏறி, ஐரோப்பாவில் இறங்கி பெரிய கலாட்டா பண்ணின வார்த்தை. கதையைக் கேட்க சரியான இடம் கெய்ரோ. வாங்க, போகலாம்.

ஃபுஸ்தாத் என்கிற பழைய பகுதியில் இருக்கு எகிப்திய நாகரிகத்தின் தேசிய அருங்காட்சியகம். தரைக்குக் கீழே இறங்கினா அரச மம்மிகள் கூடம். இருட்டுச் சுவர்கள், மங்கலான வெளிச்சம்... கல்லறைக்குள்ள நடக்கிற மாதிரியே கட்டியிருக்காங்க. போட்டோ எடுக்கத் தடை. 'ஒரு செல்ஃபி கூடவா இல்ல?'ன்னு மூஞ்சியைத் தூக்காதீங்க பாஸ். அங்கே படுத்திருக்கிறது உங்க தாத்தாவா இருந்தா எடுப்பீங்களா?

2021 ஏப்ரல் 3ம் தேதி ராத்திரி 18 ராஜாக்கள், 4 ராணிகள், ஆக 22 பேரை தஹ்ரிர் சதுக்கத்து பழைய மியூசியத்திலிருந்து இங்கே ஊர்வலமா கூட்டிட்டு வந்தாங்க. ஆளுக்கொரு வண்டி, கெட்டுப் போகாமலிருக்க நைட்ரஜன் நிரப்பின பெட்டி, 21 குண்டு மரியாதை! முதல் வண்டியில் வந்தவர் செக்கனன்ரே தாவோ.

இவர்கிட்ட கொஞ்சம் நின்னு பாருங்க. 3,500 வருஷத்துக்கு முந்தின ராஜா. வயசு சுமார் 40. தலையில் கோடாலி வெட்டு. கைகளைக் கட்டிப் போட்டு, பல பேர் சேர்ந்து கொன்றிருக்கலாம் என்கிறது 2021ல் வெளியான சி.டி. ஸ்கேன் ஆய்வு. என்னை உலுக்கினது அடுத்த விஷயம்தான். உடலைப் பாடம் செய்தவங்க, அந்தக் காயங்கள் வெளியே தெரியாதபடி பூசி மறைச்சிருக்காங்களாம். நம்ம ஊர்ல விபத்தில் போனவரை வீட்டுக்குக் கொண்டு வர்றப்போ முகத்தைச் சரி பண்ணுவாங்களே... அதே மனசு!

இப்போ வார்த்தைக்கு வருவோம். பாரசீகத்தில் 'மூம்'னா மெழுகு. அங்கே மலைப் பாறைகளில் கசியற கறுப்புத் தாருக்கு 'மூமியா'ன்னு பேர். அபூர்வ மருந்து. எலும்பு முறிவுக்கு நல்லதுன்னு இபின் சீனாவே எழுதியிருக்கார். மத்திய ஆசியாவில் இன்னிக்கும் சிலாஜித்துக்கு 'மூமியோ'ன்னுதான் பேர். ஆக, ஒரிஜினல் மம்மி நம்ம நாட்டு மருந்துக் கடைச் சரக்குக்கு சொந்தக்காரன்!

எகிப்து உடல்கள் மேல பூசியிருந்த கறுப்புப் பிசினைப் பார்த்தவங்க 'அட, இதுவும் அதே சரக்கு'ன்னு நினைச்சாங்க. முதல்ல பூச்சுக்கு அந்தப் பேர் வந்தது. அப்புறம் உடலுக்கே வந்தது. பேர் மாறினதோட நின்னிருந்தா பரவாயில்ல. 16, 17ம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அந்த உடல்களையே இடிச்சுப் பொடியாக்கி மருந்துக் கடையில் வித்தாங்க. ஜனங்க வாங்கித் தின்னாங்க! டிமாண்ட் ஏற ஏற, புதுப் பிணங்களைக் காய வெச்சு 'அசல் எகிப்து சரக்கு'ன்னு தள்ளிவிட்ட கில்லாடிகளும் உண்டு. பிரெஞ்சு சர்ஜன் அம்ப்ரோஸ் பாரே 'இது எதுக்கும் உதவாது'ன்னு எழுதியும் வியாபாரம் படுக்கல.

பெயிண்ட்டையும் விடலையே... 'மம்மி பிரவுன்'னு ஒரு கலர்! உடல்களை அரைச்சுச் செய்தது. அது நிஜ மனுஷங்கன்னு தெரிஞ்சதும் இங்கிலாந்து ஓவியர் பர்ன்-ஜோன்ஸ், தன்கிட்ட இருந்த ட்யூபைத் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைச்சார். லண்டன் கம்பெனி ஒண்ணு 'இனி ஸ்டாக் இல்ல'ன்னு கையை விரிச்சது 1964ல்!

1881ல் லக்சர் பக்கம் கிடைச்ச ராஜாக்களை கெய்ரோவுக்குக் கொண்டு வந்தப்போ நடந்ததா ஒரு கதை சொல்வாங்க. சுங்கச்சாவடிக்காரர் வரிப் பட்டியலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாராம். மம்மிக்கு வரியே போடலை. கடைசியில் 'கருவாடு'ன்னு எழுதி வரி போட்டாராம்! சிரிப்பு வருது, கூடவே சங்கடமாவும் இருக்கு. ரெண்டாம் ராம்செஸ் கருவாடா?

சரி, எகிப்தியர்கள் என்னன்னு சொன்னாங்க? 'சாஹ்'. பதவி, மரியாதை என்பதற்கும் அவங்க மொழியில் இதே ஒலிதான். உப்பில் உலர்த்தி, எண்ணெய் தடவி, துணி சுத்தி 70 நாள் உழைச்சது சரக்கு தயாரிக்க இல்ல. போனவரை ஒரு படி மேலே ஏத்தி வைக்க.

அதனாலதான் 2023ல் பிரிட்டன் மியூசியங்கள் சில, 'மம்மி'ன்னு ஒத்தை வார்த்தையில் சொல்லாம 'பாடம் செய்யப்பட்ட மனிதர்'னு சொல்ல ஆரம்பிச்சது செய்தியாச்சு. 'இதெல்லாம் ஓவர்'னு கிண்டலும் கிளம்புச்சு. எனக்கு ஓவராத் தெரியல. ஆனா கெய்ரோ கூடத்துக்கே பேர் 'மம்மிகள் கூடம்'தான், அரபியிலும் 'மூமியா'தான். உள்ளே ஒவ்வொருத்தர் பக்கத்திலும் அவங்கவங்க பேர் இருக்கு. ஹட்ஷெப்சுட், ராம்செஸ், செக்கனன்ரேன்னு படிச்சுக்கிட்டே மெதுவா நடங்க.

துட்டன்காமுனை மட்டும் இங்கே தேடாதீங்க. அவரோட தங்க முகமூடி, நகை நட்டெல்லாம் கீசாவின் புது மியூசியத்தில். ஆள் மட்டும் லக்சரில், அரசர்களின் பள்ளத்தாக்கில், சொந்தக் கல்லறையிலேயே இருக்கார். பார்க்கணும்னா நீங்கதான் அவர் வீட்டுக்குப் போகணும்.