மறுதேர்வுக்கு முன்னால் நின்ற 90 நாளுக்கு

அன்புள்ள 90 நாளே,

அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் தேர்வுக் கையேட்டில் உனக்கு ஒரு மூலைதான் கொடுத்திருந்தார்கள். டி.ஏ.டி. என்கிற பல் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வை ஒருமுறை எழுதியவர் மறுபடி எழுத வேண்டுமானால் 90 நாள் பொறுத்திருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. இப்போது உன்னை 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். நான் எழுதிய 2014-ஆம் வருடக் கோடையில் நீ முழு 90 நாளாக இருந்தாய். உன்னைத் திட்டித் தீர்த்தவர்கள் ஏராளம். நான் உன்னிடம் பட்ட கடன்களைச் சொல்லவே இந்த மடல்.

90 நாளே, முதல் கடன் அந்த முதல் ராத்திரிக்கானது. சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டி, கைரேகை வைத்து, கையில் இருந்ததையெல்லாம் லாக்கரில் பூட்டிவிட்டு உள்ளே போனால், அந்த வருடம் வெளியே வரும்போதே மதிப்பெண் தாளும் கைக்கு வந்துவிடும். ஆற அமர உட்கார்ந்து பயப்படக்கூட நேரம் தராத தேர்வு அது. அன்றிரவு ஒரு மணிக்கு, அடுத்த வாரமே திரும்ப எழுதிவிட வேண்டும் என்று துடித்தேன். இரண்டு மணிக்கு, பல் மருத்துவமே வேண்டாம், வேறு ஏதாவது படித்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. அடுத்த வாரத்துக்கு நீ இடம் தரவில்லை. விட்டுவிட்டுப் போகவும் நீ அவசரப்படுத்தவில்லை. இன்றைக்கு முடிவெடுத்தே ஆக வேண்டியதில்லை என்று தெரிந்ததும் தூக்கம் வந்தது.

பொறுமை மிக்க நாளே, அந்தத் தாளை வரிவரியாகப் படிக்க வைத்ததும் நீதான். உயிரியல் 21, பொது வேதியியல் 20, கரிம வேதியியல் 21, கணிதம் 20, வாசித்துப் புரிந்துகொள்ளும் பகுதி 17. ஐந்தையும் கூட்டி வகுத்தால் 19.8, அதை முழு எண்ணாக்கி 20 என்று சராசரி போட்டிருந்தார்கள். 1 முதல் 30 வரை போன அன்றைய அளவில் 20 நல்ல எண். பல் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தவர்களின் சராசரியே அதை ஒட்டித்தான் இருந்தது. உருவங்களைக் கண்ணால் மடித்தும் திருப்பியும் பார்க்கச் சொல்லும் பகுதி இந்தச் சராசரியில் சேராமல் தனியே நிற்கும். அதிலும் எனக்கு 20. சேர்த்துப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. பிரித்துப் பார்த்தால் அந்த 17 கண்ணை உறுத்தியது. ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே பார்க்கிற கல்லூரிகளும் உண்டு. மதிப்பெண் மிகவும் குறைந்துபோனவருக்கு மறுதேர்வைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை, நிறைய வாங்கியவருக்கும் இல்லை. இப்படி நடுவில் மாட்டிக்கொள்கிறவருக்குத்தான் அது பெரும்பாடு.

90 நாளே, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்த பேச்செல்லாம் உனக்குத் தெரியும். "இருபது வாங்கியிருக்க, போதும்மா. இருக்கறதையும் கெடுத்துக்காத" என்றார் அப்பா. "அந்த ஒண்ண மட்டும் திரும்ப எழுத விடமாட்டாங்களா?" என்று கேட்டார் அம்மா. ஊரில் அரியர் வைத்தவர் அந்தத் தாளை மட்டும் எழுதி முடிப்பதைப் பார்த்தவர் அவர். இங்கே அப்படி இல்லை. ஒரு பகுதிக்காக மறுபடி உட்கார்ந்தாலும் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும், கட்டணத்தையும் முழுசாகக் கட்ட வேண்டும். பழைய மதிப்பெண்ணும் அழியாது. புதியதற்குப் பக்கத்திலேயே நிற்கும். 17 மேலே ஏறும்போது 21 கீழே இறங்கினால் அதையும் கல்லூரிக்காரர்கள் பார்ப்பார்கள். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒரே நாளில் பேசி முடித்திருந்தால் யாரோ ஒருவர் குரல் உயர்ந்திருக்கும். நீ இருந்ததால் பேச்சு விட்டுவிட்டு நடந்தது. ஆடி முடிவதற்குள் அப்பா என் கேள்வியைத் தன் கேள்வியாக எடுத்துக்கொண்டு, எந்தக் கல்லூரி எதைப் பார்க்கிறது என்று என்னோடு உட்கார்ந்து தேட ஆரம்பித்திருந்தார்.

காத்திருக்க வைத்த நாளே, காலண்டரைப் பார்க்கக் கற்றுக்கொடுத்ததும் நீதான். கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்தை ஜூன் மாதத் தொடக்கத்திலிருந்து அனுப்பலாம். வருகிற வரிசையில் படித்துக்கொண்டே போவார்கள், டிசம்பரில் இடம் கொடுக்க ஆரம்பிப்பார்கள். நீ முடிவதோ செப்டம்பரில். மறுதேர்வை நம்பி விண்ணப்பத்தை நிறுத்தி வைத்தால் வரிசையின் வாலில்தான் இடம். என் கல்லூரியின் ஆலோசகர் ஒரு வழி சொன்னார்: கையில் இருக்கிற மதிப்பெண்ணோடு விண்ணப்பத்தை இப்போதே அனுப்பிவிடு, மறுதேர்வை ஆகஸ்டில் முடிவு செய். கூடவே ஒரு கேள்வியும் கேட்டார். இரண்டாம் முறை போய் உட்காரும்போது உன்னிடம் எது மாறியிருக்கும், ஒரே வாக்கியத்தில் சொல் என்றார். இன்னும் நன்றாகப் படிப்பேன் என்றேன். அதை எல்லோருமே சொல்வார்கள் என்றார். வேறு பதில் அன்று என்னிடம் இல்லை. தேடிக் கண்டுபிடிக்க நீ இருந்தாய்.

90 நாளே, அந்த 17 எங்கிருந்து வந்தது என்று உன் முதல் வாரங்களிலேயே தெரிந்துவிட்டது. எழுதிப் பார்த்த பயிற்சித் தேர்வுகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே கதை. வாசிப்புப் பகுதியில் மூன்று நீளமான அறிவியல் கட்டுரைகள், 50 கேள்விகள், 60 நிமிடம். முதல் கட்டுரையில் ஒன்றிரண்டுதான் தப்பு, மூன்றாவதில் பாதிக்குமேல் தப்பு. தர்மபுரிப் பக்கம் பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, சித்தப்பா போட்ட மனுவில் குடும்பத்தோடு மிச்சிகனுக்கு வந்தவள் நான். ஆங்கிலத்தில் எதைப் படித்தாலும் மனப்பாடத்துக்குப் படிப்பதுபோல் ஒரு சொல் விடாமல் படிப்பேன். அந்தப் பழக்கம்தான் எனக்கு உயிரியலில் 21 வாங்கிக் கொடுத்தது. வாசிப்பில் நேரத்தைத் தின்றதும் அதுதான்.

என் நாளே, எல்லாவற்றிலும் பெரிய கடனுக்கு இப்போது வருகிறேன். தினமும் பொது நூலகத்தில் உட்கார்ந்து, இதுவரை படிக்காத ஒரு நீண்ட கட்டுரையைக் கடிகாரம் வைத்துப் படிப்பது என்று ஆரம்பித்தேன். பல் சம்பந்தமாக இருந்தால் நல்லது என்று ஒருநாள் ஃபுளூரைடு வரலாற்றை எடுத்தேன். 1901-இல் ஃபிரெடரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்கு வந்து தொழில் தொடங்குகிறார். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் பல்லில் பழுப்புக் கறை. யாருக்கும் காரணம் தெரியவில்லை. பல் மருத்துவத்தின் பெரியவரான ஜி.வி. பிளாக் 1909-இல் அங்கே வந்து கூடச் சேர்ந்து ஆராய்கிறார். விடை கிடைக்கும் முன்பே 1915-இல் இறந்துபோகிறார். மெக்கே விடவில்லை. 1923-இல் ஐடஹோ மாநிலத்தில் ஓக்லி என்ற சிற்றூரின் பெற்றோர்கள், வெந்நீர் ஊற்றிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்த பிறகுதான் பிள்ளைகள் பல்லில் கறை வந்தது என்கிறார்கள். மெக்கே சொற்படி வேறு ஊற்றுக்கு மாறுகிறார்கள். சில வருடத்தில் புதிதாக முளைத்த பற்கள் வெள்ளையாக வருகின்றன. 1931-இல்தான் எச்.வி. சர்ச்சில் என்ற வேதியியலாளர் தண்ணீரைச் சோதித்து, காரணம் ஃபுளூரைடு என்று காட்டினார்.

என் நாளே, கடிகாரம் அடித்த பிறகும் அன்று நான் எழுந்திருக்கவில்லை. அந்தப் பழுப்புக் கறையை நான் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள். பெரியம்மா மகள், என் அக்கா, சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போகும். கல்யாணப் போட்டோவில்கூட உதடு பிரியாமல்தான் நிற்பாள். பெண் பார்க்க வந்தவர்கள், பொண்ணு வெத்தலை போடுமா என்று கேட்டுவிட்டுப் போன நாளில் அவள் அடுப்புச் சாம்பலையும் உப்பையும் போட்டு ஈறில் ரத்தம் வரும்வரை தேய்த்தாள். தேய்த்துப் போகிற கறை இல்லை அது. பல் தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் சின்ன வயதிலேயே, குடித்த தண்ணீரில் இருந்த ஃபுளூரைடு எனாமலைக் கெடுத்துவிடுகிறது. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது இந்தியாவின் வரம்பு. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பாறையைத் துளைத்துப் போட்ட எத்தனையோ ஆழ்குழாய்க் கிணறுகள் அந்த வரம்பைத் தாண்டியவை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கிக் காவிரித் தண்ணீர் வர ஆரம்பித்தது 2013-இல். ஓக்லியில் தொண்ணூறு வருடம் முன்பு நடந்தது எங்கள் ஊரில் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. நான் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த கிராண்ட் ரேப்பிட்ஸ், 1945 ஜனவரி 25-இல் உலகத்திலேயே முதன்முதலாகக் குடிநீரில் ஃபுளூரைடைச் சேர்த்த ஊர். அளவோடு இருந்தால் அதே பொருள் சொத்தையைத் தடுக்கிறது. நான் பிறந்த ஊரில் அது மிஞ்சிப்போனது. வந்து சேர்ந்த ஊரில் அளந்து ஊற்றுகிறார்கள்.

90 நாளே, அன்றிரவு அக்காவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நான் சரியா பல்லு வெளக்காததால இல்லியா?" என்று கேட்டாள். முப்பது வயது வரைக்கும் அவள் அப்படித்தான் நம்பியிருந்தாள். அவளுடைய ஊரில் யாரும் அவளிடம் இதைச் சொல்லியிருக்கவில்லை. நல்ல வேலை, நல்ல வருமானம், அறிவியல் பிடிக்கும் என்று விண்ணப்பக் கட்டுரையில் நான் எழுதி வைத்திருந்ததெல்லாம் பொய்யில்லை. ஆனால் நான் ஏன் பல் மருத்துவராக வேண்டும் என்பதற்கு அந்தப் போனுக்குப் பிறகுதான் என்னிடம் பதில் இருந்தது. அந்தக் கோடையில் நீ குறுக்கே வந்து நின்றிருக்காவிட்டால் நான் அந்த ஃபுளூரைடு கட்டுரையையே எடுத்திருக்க மாட்டேன்.

90 நாளே, அந்தக் கட்டுரையைப் படித்த விதத்தையும் நான் கவனித்தேன். ஒவ்வொரு சொல்லாக நான் அதைப் படிக்கவில்லை. கறை எதனால் வருகிறது என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஓடினேன், வேண்டியது தானாக மனசில் தங்கியது. பிறகு எல்லாக் கட்டுரைகளையும் அப்படியே படித்துப் பழகினேன்: முதலில் கேள்வி, பிறகு பத்தி. ஆகஸ்டில் ஆலோசகர் முன் உட்கார்ந்து, இப்போது கேள்வியோடு படிக்கிறேன் என்றேன். ஒரு வாக்கியம்தான். மூன்றாவது கட்டுரைக்கும் நேரம் மிஞ்சிய பயிற்சித் தேர்வுகளைக் காட்டினேன். எழுது என்றார். மற்றப் பகுதிகள் துருப்பிடிக்காமல் இருக்க, தாளை மடித்து ஓட்டை போட்டு, பிரித்தால் எங்கெங்கே ஓட்டை வரும் என்று தங்கை தினமும் கேட்பாள். 1972 வரைக்கும் இந்த உருவப் பகுதிக்குப் பதிலாகச் சுண்ணக்கட்டியைச் செதுக்கச் சொல்வார்களாம். அந்தக் காலத்தில் எழுதியிருந்தால் தங்கைக்கு வேலை மிச்சம்.

அன்புள்ள நாளே, நீ முடிந்ததும் போய் எழுதினேன். வாசிப்பு 20. உயிரியல் ஒன்று குறைந்து 20. மற்றவை அப்படியே. சராசரி 20.2, முழு எண்ணாக்கினால் அதே 20. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இதற்கா இத்தனை பாடு என்று தோன்றும். எனக்கு அந்த வாசிப்பு 20 பெரிது, இன்றைக்கும் பெரிது. நேர்காணலில் ஒரு பேராசிரியர் இரண்டு வரிசை மதிப்பெண்களையும் பார்த்துவிட்டு, 20 வாங்கியவர் ஏன் திரும்ப எழுதினீர்கள் என்று கேட்டார். முதலில் கட்டுரைகளை எப்படிப் படித்தேன், பிறகு எப்படிப் படித்தேன் என்று சொன்னேன். ஓக்லியைச் சொன்னேன், அக்காவைச் சொன்னேன். பேச்சு மதிப்பெண்ணை விட்டு எங்கோ போய்விட்டது.

90 நாளே, இப்போது என் கிளினிக்குக்கு வேலையைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகள், "அக்கா, திரும்ப எழுதட்டுமா?" என்று என்னைக் கேட்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பதில் சொல்வதில்லை. பயிற்சித் தேர்வுகளிலும் அதே எண்தான் வந்துகொண்டிருந்தது, அதற்கு மேல் மாற்ற ஒன்றுமில்லை என்று தெரிந்த ஒரு பையனிடம், எழுத வேண்டாம், விண்ணப்பத்தை முதல் வாரத்திலேயே அனுப்பு என்றேன். மதிப்பெண்ணை இப்போது 200 முதல் 600 வரை போடுகிறார்கள், நீயும் 60 நாளாகிவிட்டாய், ஆனாலும் பிள்ளைகளின் கேள்வி மாறவில்லை. போன வாரம் மதிப்பெண் வந்த ஒரு பெண்ணுக்குக் கரிம வேதியியல் மட்டும் கீழே கிடக்கிறது. இன்றைக்கே தேதி பிடிக்க வேண்டும் என்று நிற்கிறாள். அவளை உன்னிடம் அனுப்புகிறேன். முதல் வாரம் நன்றாகத் தூங்கட்டும், அவளிடம் ஒன்றும் கேட்காதே. பிறகு அந்தத் தாளை அவளோடு உட்கார்ந்து வரிவரியாகப் படி. என்னிடம் காட்டிய அதே பொறுமையோடு படி.